வீட்டுத் தீவிபத்து இழப்பீடு: காப்பீட்டு நிறுவனம் அப்பீல் போனால் எதிர்ப்பதா, பேசி முடிப்பதா, நாமும் அப்பீல் போவதா?

வீடு எரிந்து, கிளெய்ம் மறுக்கப்பட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு மூன்று வருடம் நடையாய் நடந்து, ஒருவழியாக உத்தரவு கைக்கு வந்திருக்கும். பணம் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் மாநில ஆணையத்திலிருந்து நோட்டீஸ் வருகிறது. காப்பீட்டு நிறுவனம் மேல்முறையீட்டாளர், நீங்கள் எதிர்மனுதாரர். இந்த நிலையில் மூன்றில் எதைச் செய்வது என்று கேட்டு எழுதுகிறவர்கள் பலர். ஒருவருக்குச் சரியான வழி அடுத்தவருக்கு நஷ்டமாகலாம் என்பதால், எந்த அளவுகோலை வைத்து முடிவெடுப்பது என்பதிலிருந்து தொடங்குவோம்.

இங்கே சொல்வது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வரும் வழக்குகளுக்கு. அந்தச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன்பே நீங்கள் புகார் தாக்கல் செய்திருந்தால் அப்பீலுக்கும் பழைய 1986 சட்டத்தின் விதிகள்தான். புதிய சட்டத்தில் நிறுவனம் அப்பீல் போக உத்தரவிட்ட தொகையில் பாதியை முன்பணமாகக் கட்ட வேண்டும். பழைய சட்டத்தில் அந்த முன்பணம் பாதித் தொகை அல்லது ரூ.25,000, இதில் எது குறைவோ அதுதான். வீட்டுத் தீவிபத்து வழக்கில் அது கிட்டத்தட்ட எப்போதுமே ரூ.25,000 ஆகிவிடும் என்பதால் கணக்கே மாறிவிடுகிறது. முதலில் உங்கள் புகாரின் தேதியைப் பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடலாம். இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன் (காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர்) என்ற வழி இந்தக் கட்டத்தில் கிடையாது. நுகர்வோர் ஆணையத்தில் நடக்கும் அல்லது முடிந்த விஷயத்தை ஆம்பட்ஸ்மேன் எடுப்பதில்லை.

## எதை வைத்து எடை போடுவது

அப்பீல் காரணங்களின் வலு. நோட்டீஸோடு வரும் அப்பீல் மனுவின் நகலில் காரணங்கள் பத்தி பத்தியாக இருக்கும். முடிவின் முக்கால்வாசி அந்தப் பக்கங்களில்தான் இருக்கிறது. அதைப் படிக்காமல், கோபத்தில் "கடைசிவரை பார்த்துவிடுவோம்" என்றோ, களைப்பில் "கிடைத்தவரை லாபம்" என்றோ முடிவெடுக்க வேண்டாம்.

பணம் கைக்கு வரும் காலம். அப்பீலை அனுமதித்த நாளிலிருந்து 90 நாட்களுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் ஒன்றிரண்டு வருடம் ஆகும் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள்.

உத்தரவில் உள்ள வட்டி. "புகார் தேதியிலிருந்து பணம் செலுத்தும் நாள்வரை" என்று இருந்தால் தாமதம் உங்களை அவ்வளவாக வருத்தாது. "இரண்டு மாதத்துக்குள் செலுத்தாவிட்டால் மட்டும் வட்டி" என்று இருந்தால் வட்டி ஓடத் தொடங்கும் நாள் வேறு. வட்டியே இல்லாத உத்தரவில் ஒவ்வொரு மாதமும் நஷ்டம்தான்.

தோற்றால் போவது எவ்வளவு. முழுத் தொகையும் போகுமா, அல்லது சர்வேயர் (சேதத்தை மதிப்பிட நிறுவனம் நியமித்தவர்) மதிப்பிட்ட தொகைக்கு இறங்குமா? இரண்டுக்கும் இடையில் பல லட்சம் வித்தியாசம் இருக்கலாம்.

45 நாள் கெடு. நீங்களும் அப்பீல் போவதாக இருந்தால் இதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும்.

வீட்டுக்கடன். பாலிசியில் வங்கியின் பெயர் இருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். எந்த வழியில் போனாலும் இது குறுக்கே வரும்.

## அப்பீல் மனுவைப் படிக்கும் விதம்

தீவிபத்து வழக்கில் காப்பீட்டு நிறுவனங்கள் சொல்லும் காரணங்கள் பெரும்பாலும் ஐந்து வகைக்குள் அடங்கிவிடும்.

"தீ எப்படிப் பிடித்தது என்று நிரூபிக்கவில்லை." பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் வலு குறைந்த வாதம். தீக்குக் காரணம் மின்கசிவா வேறெதுவா என்பது முக்கியமில்லை, காப்பீடு எடுத்தவரே தீ வைக்காதவரை இழப்பீடு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2023இல் மறுபடியும் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையின் அறிக்கையில் "காரணம் தெரியவில்லை" என்று எழுதியிருந்தாலும் இதே பதில்தான்.

மின்கசிவு விலக்கு, அதாவது மின்கோளாறால் வந்த சேதத்துக்கு இழப்பீடு இல்லை என்ற ஷரத்து, ஒன்றைக் காட்டுவார்கள். பழைய ஸ்டாண்டர்ட் ஃபயர் பாலிசியில் அந்த ஷரத்தை முழுவதுமாகப் படியுங்கள். மின்கோளாறு எந்தச் சாதனத்தில் உண்டானதோ அந்தச் சாதனத்துக்கு மட்டும்தான் விலக்கு. அதிலிருந்து பரவிய தீயில் எரிந்த மற்ற பொருட்களுக்கு விலக்கு இல்லை என்று அதே ஷரத்தின் கடைசி வரியே சொல்லும். ஃப்ரிட்ஜின் பின்பக்கக் கம்ப்ரஸரில் தீப்பொறி கிளம்பி, மேலிருந்த மர அலமாரிக்கு ஏறி, ஃபால்ஸ் சீலிங் வழியாகப் படுக்கையறைக்குப் போனது என்றால், பட்டியலிலிருந்து கழிய வேண்டியது ஃப்ரிட்ஜ் என்ற ஒரு வரி மட்டுமே. அலமாரி, சீலிங், கட்டில், பீரோ எல்லாம் இழப்பீட்டுக்குள் வரும்.

"சர்வேயர் அறிக்கையை ஆணையம் ஒதுக்கிவிட்டது." இதில்தான் கவனம் வேண்டும். சர்வேயர் அறிக்கை முக்கியமான சான்று, ஆனால் அதுவே கடைசி வார்த்தை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2009இல் தீர்ப்பளித்தது. காரணம் சொல்லாமல் ஒரு சர்வேயருக்குப் பின் இன்னொருவரை மாற்றி மாற்றி நியமிக்கக் கூடாது என்றும் அதே ஆண்டில் சொன்னது. ஆனால், அறிக்கையை ஒதுக்கும் ஆணையம் ஏன் ஒதுக்குகிறது என்று எழுதியிருக்க வேண்டும்.

உங்கள் உத்தரவைத் திறந்து, தொகையைத் தீர்மானித்த பத்தியைத் தேடுங்கள். "சர்வேயர் 40 சதவீதம் தேய்மானம் கழித்திருக்கிறார், கட்டடத்தின் வயது 6 ஆண்டுகளே, பொறியாளரின் மதிப்பீடு பொதுப்பணித்துறை விலைப்பட்டியலை ஒட்டி இருக்கிறது" என்கிற மாதிரி கணக்கு இருந்தால் உங்கள் உத்தரவு நிற்கும். "சேவைக் குறைபாடு நிரூபணமாகிறது, எனவே கேட்ட தொகை முழுவதும் வழங்கப்படுகிறது" என்று ஒரே வரியில் முடிந்திருந்தால் அதுதான் பலவீனமான இடம். அப்பீலில் தொகை சர்வேயர் கணக்குக்கு இறங்கலாம், அல்லது தொகையை மட்டும் மறுபடி தீர்மானிக்கச் சொல்லி வழக்கு மாவட்ட ஆணையத்துக்கே திரும்பலாம். திரும்பினால் இன்னும் ஒரு சுற்று. மறைந்திருக்கும் செலவுகளில் பெரியது இதுவே.

"பாலிசி நிபந்தனை மீறப்பட்டது." வீடு 30 நாட்களுக்குமேல் தொடர்ந்து பூட்டிக் கிடந்தது, வீட்டில் கடைச் சரக்கு வைத்திருந்தார்கள், தகவல் தாமதமாகக் கொடுத்தார்கள் என்பவை. முதலில் கிளெய்மை மறுத்து அனுப்பிய கடிதத்தை எடுத்துப் பாருங்கள். அந்தக் கடிதத்தில் சொல்லாத காரணத்தை வழக்கில் புதிதாகக் கிளப்ப முடியாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருக்கிறது. கடிதத்திலும் அதே காரணம் இருந்து, உண்மையிலேயே வீடு இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தது என்றால், முழுத் தொகையும் போகும் ஆபத்து நிஜமானது.

"காப்பீட்டுத் தொகை குறைவு, எனவே விகிதப்படிதான்." ரூ.40 லட்சம் மதிப்புள்ள வீட்டை ரூ.20 லட்சத்துக்குக் காப்பீடு செய்து ரூ.10 லட்சம் சேதமானால், பழைய பாலிசியில் பாதியான ரூ.5 லட்சம்தான் கிடைக்கும். 2021 ஏப்ரல் 1 முதல் வீடுகளுக்கென்று வந்த பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில் இந்த விகிதக் கழிவு கிடையாது. அதே ரூ.10 லட்சமும் உண்டு. உங்கள் பாலிசி இந்த வகை என்றால், இந்தக் காரணத்தைப் பாலிசியின் ஒரே பக்கத்தைக் காட்டி முடித்துவிடலாம்.

"வட்டி அதிகம், மன உளைச்சலுக்கான தொகை அதிகம்." காரணங்கள் இதோடு நின்றுவிட்டால் நிறுவனமே அசலை ஏற்றுக்கொண்ட மாதிரி. பேசி முடிக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது.

தீ வைத்ததே நீங்கள்தான் என்கிற அளவுக்குக் குற்றச்சாட்டு இருந்தால் கதை வேறு. சிக்கலான மோசடிக் கேள்வி, சிவில் நீதிமன்றத்துக்குப் போகட்டும் என்று கேட்பார்கள். போலீஸ் விசாரணை முடிவு, தடயவியல் அறிக்கை இரண்டும் கையில் இல்லாமல் எந்தப் பேச்சுக்கும் உட்காராதீர்கள்.

## வழி 1: அப்பீலை எதிர்த்து நிற்பது

இந்த வழியின் பலமே 50 சதவீத டெபாசிட்தான். சட்டத்தின் 41ஆம் பிரிவின்படி, பணம் கட்டும்படி உத்தரவிடப்பட்டவர் அதில் பாதியை முன்கூட்டியே கட்டினால்தான் அப்பீலை எடுக்கவே முடியும். அப்பீலுக்கான இந்த முன்பணத்தைக் குறைக்கவோ தள்ளுபடி செய்யவோ முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2021 டிசம்பரில் தீர்ப்பளித்துவிட்டது. தடை உத்தரவு வேண்டுமென்றால், காரணம் எழுதி அதற்குமேலும் கட்டச் சொல்லலாம் என்றும் சேர்த்துச் சொன்னது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். மாவட்ட ஆணையம் ரூ.12,00,000 இழப்பீடும், புகார் தேதியிலிருந்து 9 சதவீத வட்டியும், மன உளைச்சலுக்கு ரூ.50,000, வழக்குச் செலவு ரூ.10,000 என்றும் உத்தரவிட்டதாக வைத்துக்கொள்வோம். புகார் கொடுத்து இரண்டு வருடம் ஆகியிருக்கிறது. வட்டி ரூ.2,16,000. மொத்தம் ரூ.14,76,000. இதில் பாதி ரூ.7,38,000 ஆணையத்தில் வந்து உட்கார்ந்திருக்க வேண்டும். வட்டியைச் சேர்க்காமல் ரூ.6 லட்சம் மட்டும் கட்டியிருந்தால், முதல் விசாரணையிலேயே அதை எழுத்தில் ஆட்சேபியுங்கள்.

அடுத்த படி, அந்த டெபாசிட்டை எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டு இடைக்கால மனு போடுவது. பலர் இதைச் செய்வதில்லை. அனுமதிப்பது ஆணையத்தின் விருப்பம். அனுமதித்தாலும் தோற்றால் திருப்பித் தருவதாக உறுதிமொழியோ ஜாமீனோ கேட்கலாம். வாடகை ரசீது, கடன் கணக்கு அறிக்கை, வீட்டின் இன்றைய நிலையைக் காட்டும் படங்கள் ஆகியவற்றை இணைத்தால் மனுவுக்கு எடை கூடும்.

எடுத்தால் வட்டி போய்விடுமே என்று தயங்குபவர்களுக்காக: அப்படி எடுக்கும் பணம் பொதுவாக முதலில் செலவுக்கும் வட்டிக்கும், பிறகு அசலுக்கும் கழியும். மேலே சொன்ன ரூ.7,38,000இல் ரூ.2,76,000 வட்டி, உளைச்சல் தொகை, செலவு ஆகியவற்றுக்குப் போக, ரூ.4,62,000 அசலில் கழியும். அடுத்த இரண்டு வருடத்தில் அதற்கு விட்டுப்போகும் வட்டி ரூ.83,160. அதே ரூ.7,38,000ஐ 9 சதவீத வீட்டுக்கடனில் கட்டியிருந்தால் மிச்சமாகும் வட்டி ரூ.1,32,840. எடுப்பதுதான் லாபம். ஆனால் பாலிசி நிபந்தனை விஷயத்தில் உங்கள் பக்கம் ஓட்டை இருந்தால், எடுத்த பணத்தைச் செலவழிக்காமல் வங்கியில் போட்டு வையுங்கள். திருப்பிக் கட்ட வேண்டி வந்தால் அந்த அடி தாங்க முடியாது.

அப்பீல் போட்டாலே உத்தரவு நின்றுவிட்டதாக நினைப்பது பரவலான தவறு. தடை உத்தரவு தனியாக வாங்கியிருக்க வேண்டும். அது இல்லையென்றால் மாவட்ட ஆணையத்தில் 71ஆம் பிரிவின்கீழ் நிறைவேற்று மனு போடலாம். சிவில் நீதிமன்றத் தீர்ப்பைப் போலவே அதை நிறைவேற்றலாம். உத்தரவுக்குக் கீழ்ப்படியாததற்கு 72ஆம் பிரிவில் ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டுவரை சிறை, ரூ.25,000க்குக் குறையாமல் ஒரு லட்சம்வரை அபராதம் என்று தண்டனையும் இருக்கிறது. இந்த மனு போட்ட உடனேயே நிறுவனம் தடை கேட்டு ஓடி வரும். அப்போதுதான் அப்பீல் பட்டியலுக்கும் வரும். வழக்கை நகர்த்த இது நல்ல வழி.

டெபாசிட் கட்டியாயிற்று, இனி அந்தப் பகுதிக்கு வட்டி கிடையாது என்று நிறுவனம் வாதிடலாம். அப்பீல் தடைக்காக நீதிமன்றத்தில் கட்டும் பணம் தீர்ப்பு பெற்றவருக்குச் செலுத்தியதாக ஆகாது என்று 1968இலேயே உச்ச நீதிமன்றம் சொன்னதை வைத்து எதிர்வாதம் செய்ய இடமிருக்கிறது. எடுக்க அனுமதி கேட்டீர்கள், எதிர்ப்பு வந்தது என்பது பதிவில் இருந்தால் இந்த வாதம் இன்னும் வலுவாகும்.

செலவு என்று பார்த்தால் வக்கீல் கட்டணம், சென்னைக்கோ மதுரை அமர்வுக்கோ போய்வரும் செலவு, வாய்தாக்கள். ஆணையத்தில் வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். காணொலி விசாரணையும் கேட்கலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவச வக்கீல் தரும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: நோட்டீஸை வாங்காமல் திருப்பி அனுப்புவதும், "ஜெயித்தவன் நான், நான் ஏன் போக வேண்டும்" என்று ஆஜராகாமல் இருப்பதும். நீங்கள் இல்லாமலேயே விசாரித்து முடித்துவிடுவார்கள்.

## வழி 2: பேசி முடிப்பது

சமரசத்தைத் தோல்வியாகப் பார்க்க வேண்டியதில்லை. அதேசமயம் முதலில் சொல்லும் தொகைக்குத் தலையாட்டவும் வேண்டியதில்லை. எவ்வளவுக்கு ஒப்புக்கொள்ளலாம் என்பதை வீட்டில் உட்கார்ந்து ஒரு தாளில் போட்டுப் பார்த்துவிட முடியும்.

மேலே சொன்ன அதே வழக்கு. அப்பீல் இரண்டு வருடம் நடந்து முழுதாக வென்றால் ரூ.16,92,000. சர்வேயர் மதிப்பான ரூ.7,00,000க்கு இறங்கி, நான்கு வருடத்துக்கு 6 சதவீத வட்டி கிடைத்தால் ரூ.8,68,000. முழுதாகத் தோற்றால் ஒன்றுமில்லை. காரணங்களைப் படித்த பிறகு, முழு வெற்றிக்கு 60, தொகை குறைய 30, தோல்விக்கு 10 என்று நீங்களும் வக்கீலும் மதிப்பிடுகிறீர்கள். ரூ.10,15,200 கூட்டல் ரூ.2,60,400, மொத்தம் ரூ.12,75,600. இது இரண்டு வருடம் கழித்து வரும் பணம். வருடத்துக்கு 7 சதவீதம் என்று வைத்து 1.14ஆல் வகுத்தால் இன்றைய மதிப்பு சுமார் ரூ.11,19,000. வக்கீல், பயணம் என்று ரூ.50,000 கழித்தால் ரூ.10,69,000. இதற்கு மேல் எது வந்தாலும் யோசிக்கலாம். ரூ.9 லட்சம் என்றால் மறுத்துவிடலாம். பேச்சை ரூ.13 லட்சத்தில் தொடங்குங்கள்.

60, 30, 10 என்பவை உதாரணம்தான். உத்தரவில் தொகைக் கணக்கு ஒரே வரியில் முடிந்திருந்தால் இதை 35, 55, 10 என்று மாற்றிப் போடுங்கள். ஒப்புக்கொள்ளும் தொகை ரூ.8,88,000க்கு இறங்கிவிடும். அதனால்தான் உத்தரவின் அந்தப் பத்தியைப் பற்றி இவ்வளவு சொன்னது.

எங்கே பேசுவது? வழக்கின் எந்தக் கட்டத்திலும் இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் ஆணையம் மத்தியஸ்தத்துக்கு அனுப்பலாம். இன்னொரு வழி லோக் அதாலத் எனப்படும் மக்கள் நீதிமன்றம். 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி அங்கே ஆகும் முடிவுக்கு மேல் அப்பீல் கிடையாது. காப்பீட்டு நிறுவனத்தைப் பொறுத்தவரை இது பெரிய நிம்மதி. உங்களுக்கும்தான், அடுத்த அப்பீல் என்ற பயம் அத்தோடு போய்விடும். நிறுவனத்தின் அலுவலகத்தில் உட்கார்ந்து வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போட்டு முடிப்பது மட்டும் வேண்டாம்.

சமரச மனுவில் கட்டாயம் இருக்க வேண்டியவை:

- மொத்தத் தொகை எண்ணிலும் எழுத்திலும், அசலும் வட்டியும் தனித்தனியாக. வட்டியென்று காட்டும் பகுதியில் வருமான வரி பிடித்துக்கொண்டு தரலாம் என்பதால், பிடித்தம் போகக் கைக்கு வருவது எவ்வளவு என்பதும்.
- டெபாசிட் பணம் யாருக்கு, அது வங்கியில் ஈட்டிய வட்டி யாருக்கு. இதைப் பலரும் எழுத மறந்துவிடுகிறார்கள்.
- மீதிப் பணம் எத்தனை நாளுக்குள், தவறினால் என்ன வட்டி. 30 நாள், தவறினால் பழைய உத்தரவே உயிர்பெறும் என்று கேளுங்கள்.
- விட்டுக்கொடுப்பது இந்தப் பாலிசி எண், இந்தத் தேதித் தீவிபத்து தொடர்பான கோரிக்கையை மட்டும் என்ற வாசகம்.

"முழுத் திருப்தியோடு பெற்றுக்கொண்டேன்" என்ற டிஸ்சார்ஜ் வவுச்சரில் கையெழுத்துப் போடும் முன் ஒருமுறை நில்லுங்கள். மோசடி, தவறான தகவல், நெருக்கடி ஆகியவற்றால் கையெழுத்து வாங்கியதாக நிரூபித்தால் மேற்கொண்டு கேட்கலாம் என்று 1999இல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. ஆனால் நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில்தான் விழும். வக்கீலை வைத்து வழக்கு நடத்திய ஒருவர், நெருக்கடியில் கையெழுத்திட்டேன் என்று பிறகு சொன்னால் யாரும் எளிதில் நம்பமாட்டார்கள்.

பேச்சு நடக்கிறது என்பதற்காக வாய்தாவுக்குப் போகாமல் இருக்காதீர்கள். பேச வருகிற அதிகாரிக்கு இறுதி முடிவெடுக்கும் அதிகாரம் இல்லாமல், மேலிடத்து ஒப்புதலுக்குக் கோப்பு போய்க்கொண்டே இருக்கும். எழுத்தில் ஒரு தொகை வரும்வரை பேச்சு தொடங்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

## வழி 3: நாமும் அப்பீல் போவது

மாவட்ட ஆணையம் கிளெய்மை ஏற்றுக்கொண்டு தொகையைக் குறைத்திருந்தால்தான் இந்தக் கேள்வியே வரும். நீங்கள் பணம் கட்டும்படி உத்தரவிடப்பட்டவர் அல்ல. எனவே 50 சதவீத டெபாசிட் உங்களுக்கு இல்லை.

பெரும்பாலானோர் மாட்டிக்கொள்வது கெடுவில். அப்பீலுக்கான 45 நாட்களை உத்தரவின் தேதியிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள். நிறுவனம் கடைசி வாரத்தில் தாக்கல் செய்து, அதற்கு ஆணையம் வழக்கு எண் கொடுத்து, உங்களுக்கு நோட்டீஸ் வந்து சேரும்போது அந்த 45 நாள் தாண்டிப் போயிருக்கும். ஆக, நிறுவனம் அப்பீல் போகுமா என்று தெரியும் முன்பே நீங்கள் முடிவெடுத்தாக வேண்டும். தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம், ஆனால் "அவர்கள் போனதால் நானும் வந்தேன்" என்பது நல்ல காரணம் ஆகாது. உத்தரவு நகல் தாமதமாகக் கிடைத்தது, மருத்துவமனையில் இருந்தேன் என்பது போன்ற காரணமும், அதற்கு ஆதாரமும் வேண்டும்.

சிவில் அப்பீலில் எதிர்த்தரப்பு தனி அப்பீல் போடாமல் அதே அப்பீலிலேயே குறுக்கு ஆட்சேபணை போடுவதுபோல இங்கேயும் போட்டுக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். நுகர்வோர் சட்டத்தில் அப்படி ஒரு வழி வகுக்கப்படவில்லை. தனி அப்பீல் போடாமல் இருந்தால், கிடைத்த தொகையைக் காப்பாற்ற வாதாடலாம், கூட்டிக் கேட்க முடியாது.

எப்போது போடலாம்? விட்டுப்போனது எண்ணிச் சொல்லக்கூடிய தொகையாக இருக்கும்போது. பாரத் கிருஹ ரக்ஷாவில் இடிபாடு அகற்ற கிளெய்ம் தொகையில் 2 சதவீதம்வரை, பொறியாளர், சர்வேயர் கட்டணத்துக்கு 5 சதவீதம்வரை, வீடு குடியிருக்க முடியாமல் போன காலத்துக்கு மாற்று வீட்டு வாடகை என்று தனித்தனியாக உண்டு. ரூ.12 லட்சத்துக்கு முதல் இரண்டு மட்டுமே ரூ.84,000 வரும். ரசீதும் கொடுத்திருந்து, புகாரிலும் கேட்டிருந்து, உத்தரவு அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்றால் நல்ல காரணம். சர்வேயரின் தேய்மானக் கணக்கு தவறு, வட்டியே தரவில்லை என்பவையும் அப்படியே. மன உளைச்சலுக்கு இன்னும் கொஞ்சம் வேண்டும் என்பதற்காக மட்டும் போக வேண்டாம், நேரம்தான் வீண்.

புதுப்பித்தல் மதிப்பில், அதாவது தேய்மானம் கழிக்காமல் புதிதாகக் கட்டும் செலவில், இழப்பீடு கேட்பவர்கள் கவனிக்க: பழைய பாலிசியில் அந்த ஷரத்து இருந்தால் 12 மாதத்துக்குள், அல்லது நிறுவனம் நீட்டித்த காலத்துக்குள், கட்டி முடிக்க வேண்டும் என்று இருக்கும். கட்டவில்லையே, தேய்மானம் போகத்தான் தருவோம் என்பார்கள். கிளெய்மை மறுத்ததால்தான் கட்டப் பணமில்லை என்பது நியாயமான பதில். மறுப்புக் கடிதத்தின் தேதியும், கடன் கேட்டு அலைந்ததற்கான காகிதமும் அப்போது கைகொடுக்கும்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | எதிர்த்து நிற்பது | பேசி முடிப்பது | நாமும் அப்பீல் |
|---|---|---|---|
| முன்பணம் | நிறுவனம் கட்டும் | தேவையில்லை | நமக்கு இல்லை |
| பணம் வரும் காலம் | பாதி முன்கூட்டியே எடுக்க வாய்ப்பு, மீதி தீர்ப்புக்குப் பின் | சில மாதங்கள் | மிகவும் தாமதம் |
| தொகை | உத்தரவில் உள்ளது, அல்லது குறையலாம் | குறையும், ஆனால் நிச்சயம் | கூடலாம் |
| மறைந்த செலவு | வழக்கு மாவட்ட ஆணையத்துக்கே திரும்புவது, எடுத்த பணத்தைத் திருப்புவது | வரிப் பிடித்தம், வவுச்சர் வாசகம் | தாமத மன்னிப்பு மனு, சமரச வாய்ப்பு குறைவது |
| மேற்கொண்டு அப்பீல் | சட்டக் கேள்வி இருந்தால் தேசிய ஆணையம் | லோக் அதாலத் என்றால் இல்லை | சட்டக் கேள்வி இருந்தால் தேசிய ஆணையம் |
| யாருக்குப் பொருத்தம் | தொகைக் கணக்கு தெளிவான உத்தரவு, வட்டி உள்ளவர் | கணக்குப் பத்தி பலவீனம், அவசரத் தேவை | ரசீதோடு விட்டுப்போன இனங்கள், கெடு மிச்சம் உள்ளவர் |

முதலாவதையும் மூன்றாவதையும் சேர்த்தே செய்யலாம். இரண்டு அப்பீலையும் ஒன்றாகக் கேட்பார்கள். முதலாவதில் நின்றுகொண்டே, டெபாசிட்டை எடுத்த பிறகு இரண்டாவதைப் பேசுவது என் கணிப்பில் பலருக்கும் நல்லது. கையில் பாதிப் பணம் இருப்பவர் அவசரப்பட்டுக் குறைத்துக்கொள்ள வேண்டியிருக்காது.

## வங்கியை மறந்துவிடாதீர்கள்

வீட்டுக்கடன் இருக்கும்போது எடுத்த பாலிசிகளில் வங்கிக்கான ஷரத்து பெரும்பாலும் இருக்கும். இழப்பீட்டை நிறுவனம் வங்கிக்குச் செலுத்தும், கடன் போக மீதிதான் உங்களுக்கு. சமரசம் முடிந்து, காசோலை வங்கியின் பெயரில் வந்து, வீட்டைப் பழுதுபார்க்க ஒரு ரூபாய்கூட மிஞ்சாமல் நிற்கும் குடும்பங்கள் உண்டு.

பேச்சு தொடங்கும் முன்பே வங்கிக் கிளையில் எழுத்து மூலம் கேளுங்கள்: இழப்பீட்டில் எவ்வளவை வீட்டைச் சரிசெய்ய விடுவிப்பீர்கள், எந்தக் கட்டத்தில், என்ன ரசீது வேண்டும்? அடமானச் சொத்தின் மதிப்பு மீள்வது வங்கிக்கும் நல்லதுதான் என்பதால், பொறியாளரின் மதிப்பீட்டோடு போனால் பல கிளைகள் படிப்படியாக விடுவிக்க ஒப்புக்கொள்ளும். கடன் முடிந்துவிட்டது என்றால் வங்கியிடம் தடையில்லாச் சான்று வாங்கி, டெபாசிட்டை எடுக்கும் மனுவோடு இணைத்துவிடுங்கள். அது இல்லையென்ற ஒரே காரணத்துக்காக மனு அடுத்த வாய்தாவுக்குத் தள்ளிப்போகும்.